எந்தக் காலில் நீலம்

அந்தச் செருப்புப் படம் போட்ட கார்ட்டைத்தானே கேக்கிறீங்கள், பிள்ளை? வாங்கோ, முதல் உள்ளுக்கு வாங்கோ. கதவைச் சாத்துங்கோ, குளிர் அடிக்குது. அது உங்கட தபால் பெட்டிக்குள்ள தவறி விழுந்ததில்லை. என்ர மருமோன்தான் இந்த வீதியில தமிழ் ஆக்கள் இருக்கிற வீடெல்லாம் பாத்துப் பாத்துப் போட்டவர். இண்டைக்குப் பின்னேரம் டண்டினொங்கில புத்தக வெளியீடு. அதுக்குத்தான் இந்தக் கிழங்கும் மாவும் எண்ணெய்த் தாச்சியும் குசினி முழுக்கப் பரந்து கிடக்குது. கதிரையை இழுத்துப் போட்டு இருங்கோ. உங்கட மதுரைப் பக்கம் நாற்காலி எண்டுவினம், எனக்குத் தெரியும், நீங்கள் குடிவந்த அண்டைக்கே கேட்டு வைச்சனான். கை சும்மாதானே இருக்குது, உந்தக் கிழங்கைக் கொஞ்சம் மசிச்சுத் தாருங்கோ. கட்டியா இருந்தால் ரோல்ஸ் எண்ணெயுக்குள்ள வெடிச்சுப் போகும்.

எனக்கு எழுத்துத் தெரியாது, பிள்ளை. சொல்ல வெக்கமில்லை. தமிழும் வாசிக்கத் தெரியாது, இங்கிலீசும் தெரியாது. பஸ் நம்பரை மட்டும் படம் மாதிரி மனசில பதிச்சு வைச்சிருக்கிறன். ஆனால் மெல்பேணில எங்கட ஆக்கள் வைச்ச புத்தக வெளியீடு ஒண்டுக்கும் நான் போகாமல் விட்டதில்லை. மருமோன் அந்த இலக்கிய வட்டத்துக்குச் செயலாளர். அவருக்குப் புத்தகம், எனக்கு ரோல்ஸ். எனக்கு அங்க போறதெண்டால் அவ்வளவு புளுகம், அவ்வளவு சந்தோசம். நல்லா உடுத்திக்கொண்டு வருவினம். விளக்குக் கொளுத்துவினம், ஒரு நிமிசம் அகவணக்கம் எண்டு தலையைக் குனிஞ்சு நிப்பினம். பிறகு வரவேற்புரை, தலைமையுரை, நயவுரை, அதுக்கு மேல ஒரு ஆய்வுரை. ஆய்வுரை தொடங்கினால் நான் எண்ணெயைச் சூடாக்கலாம், அது எனக்கு மணி அடிக்கிற மாதிரி. பிறகு சிறப்புப் பிரதி எண்டு ஒவ்வொருத்தரையும் பேர் சொல்லி மேடைக்குக் கூப்பிட்டுப் புத்தகம் குடுப்பினம். வாங்கினவை படம் எடுத்துப்போட்டு, புத்தகத்தைக் கொண்டந்து ரோல்ஸ் தட்டுக்குக் கீழ வைச்சுப்போட்டுப் போவினம், எண்ணெய் ஒழுகாமல். எத்தினை பேரை நான் பேசியிருப்பன்.

செருப்பைச் சொல்ல வந்து ரோல்ஸில நிக்கிறன். அந்தச் செருப்பு ஒரு மனுசன்ர செருப்பு. அவர் போட்டதில்லை, அவர் தேடினது.

பேர் சொல்லமாட்டன். அவருக்குத் தன்ர பேரை ஆரும் சொன்னால் பிடிக்காது. சிறப்புப் பிரதிக்குப் பேர் கூப்பிடப் போகினம் எண்டு தெரிஞ்சால் எழும்பி பாத்ரூமுக்குப் போயிடுவார். கூப்பிட்டு முடிஞ்ச பிறகு வந்து, தன்ர காசைக் குடுத்துத் தானே ஒரு பிரதி வாங்குவார். பிஸ்கட் ஃபக்டரியில வேலை. மஞ்சளா மினுங்கிற அந்த வேலைச் சட்டையோடதான் வருவார். எல்லாரும் பட்டு வேட்டியில இருக்க, இவர் ஒராள் ரோட்டு வேலைக்கு வந்த மாதிரி முன் வரிசையில இருப்பார். எனக்கு ஒரு பையில உடைஞ்ச பிஸ்கட் கொண்டருவார். "அக்கா, முழுசு கொண்டர விடமாட்டாங்கள், வாயில போட்டால் எல்லாம் உடைஞ்சதுதானே" எண்டுவார். என்னைவிட வயசு குறைவு, அதால அக்கா. நான் அவரைத் தம்பி எண்டு கூப்பிட்டதில்லை. தலை அவ்வளவு நரைச்சிருந்தது.

அவர் வாசிக்காத புத்தகம் இல்லை, பிள்ளை. எங்கட சண்டையைப் பற்றி ஆர் என்ன எழுதினாலும் வாங்கிப்போடுவார். கனடாவில, லண்டனில, பரிசில, எங்க அச்சடிச்சாலும் ஆரையும் பிடிச்சு எடுப்பிப்பார். இப்ப ஒரு வகை எழுத்து வந்திருக்குது, தங்கட வாழ்க்கையில நடந்ததை நான் நான் எண்டு எழுதிறது. மருமோன் அதுக்கு ஒரு பேர் சொல்லுறவர், எனக்கு வாயில வராது. அதெண்டால் இவருக்கு உயிர். கவிதையெண்டால் அவ்வளவு வாங்கமாட்டார். "கவிதைக்குள்ள சனம் குறைவு, அக்கா" எண்டுவார்.

படம் போட்டாலும் வருவார். இளம் பொடியள் குறும்படம் எண்டு எடுத்துக்கொண்டு வருவாங்கள், இல்லாட்டி கடைசிச் சண்டை நேரத்தில உண்மையா எடுத்த படங்களை ஒட்டி ஒண்டு காட்டுவாங்கள். ஒருக்கால் அப்பிடி ஒரு படம். சனம் மூட்டை முடிச்சோட களப்புத் தண்ணிக்குள்ளால நடந்து வருது. மண்டபம் முழுக்க மூக்கை உறிஞ்சுது. நான் குசினிக் கதவடியில நிண்டு பாத்துக்கொண்டு நிக்கிறன். படம் முடிஞ்சு லைட்டைப் போட்டாச்சு. இவர் எழும்பி, "தம்பி, அந்தத் தண்ணி வாற இடத்தைத் திருப்பி ஒருக்கால் விடுவீங்களோ?" எண்டு கேட்டார். பொடியனும் மரியாதையான பொடியன், விட்டான். "இன்னும் கொஞ்சம் பின்னுக்கு. அங்க, அங்க. அந்த மனுசிக்குப் பின்னால ஒரு பிள்ளை போகுது, கால் தெரியுமோ?" கால் தண்ணிக்குள்ள, பிள்ளை. எப்பிடித் தெரியும். ஆரோ பின்னுக்கிருந்து, "அண்ணை, கதாநாயகி முன்னுக்கு நிக்கிறா" எண்டு பகிடி விட, சனம் சிரிச்சுது. இவரும் சிரிச்சார். "முன்னுக்கு நிண்டவையை நான் பாக்கேல்லை தம்பி" எண்டார்.

அதுதான் அவர். படத்திலயும் பின்னுக்கு நிக்கிற ஆக்களைத்தான் பாப்பார், புத்தகத்திலயும் பின்னுக்கு வாற ஆக்களைத்தான் வாசிப்பார்.

ஒரு வருசம் இலக்கிய வட்டம் அவருக்குப் பொன்னாடை போத்திச்சுது. சிறந்த வாசகர் எண்டு. மருமோன் பேசினார், "ஆழமான வாசகர், எழுத்துக்கு அடியில ஓடுற மௌனத்தை வாசிக்கிறவர்" எண்டெல்லாம். எனக்கே கண் கலங்கிச்சுது, அவ்வளவு வடிவாப் பேசினார். அண்டைக்கே ஒரு நாவலைப் பற்றிக் கலந்துரையாடல். பொன்னாடையோட இருந்த மனுசனிட்ட, "ஐயா, கதாநாயகன்ர முடிவை நீங்கள் ஏற்றுக்கொள்ளுறீங்களோ?" எண்டு கேட்டினம். இவர் பக்கத்திலிருந்தவரிட்டக் குனிஞ்சு, "ஆர் கதாநாயகன்?" எண்டு கேட்டார். மைக் போட்டிருந்தது, பிள்ளை. எல்லாருக்கும் கேட்டிட்டுது. நான் குசினிக்குள்ள ஓடிப்போய்ச் சிரிச்சன்.

கேள்வி நேரம் வந்தால் அவருக்கு ஒரு கேள்விதான். எழுதினவர் ஆராயிருந்தாலும் எழும்பி நிண்டு கேப்பார். "நீங்கள் நடந்து வரேக்க, ஒரு கால் நீலச் செருப்பும் ஒரு கால் சிவப்புச் செருப்பும் போட்ட ஒரு பிள்ளையைக் கண்டனீங்களோ?" எழுதினவை கண்டிருக்க மாட்டினம். "இல்லை ஐயா" எண்டுவினம். இவர் நன்றி சொல்லிப்போட்டு இருந்திடுவார். முதல் முதல் கேட்டவை ஒருமாதிரிப் பாத்தினம். பிறகு பழகிப்போச்சு. ஏலக்காய்த் தேத்தண்ணி மாதிரி அதுவும் கூட்டத்தில ஒண்டு. புதுசா வாற ஆக்களுக்கு, "அந்த மஞ்சள் சட்டை ஐயா செருப்பைக் கேப்பார், குறை நினையாதேங்கோ" எண்டு முதலே சொல்லி வைப்பினம். ஆரின்ர பிள்ளை எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. அவரும் சொல்லேல்லை.

எனக்குச் சொன்னவர். ஒரு நாள் கூட்டம் முடிஞ்சு எல்லாரும் போக, தட்டுக் கழுவ நிண்டார். ஆம்பிளையள் பேச்சு நேரம்தான் நிப்பினம், தட்டு நேரம் காணாமல் போயிடுவினம். இவர் கையை மடிச்சுக்கொண்டு தொட்டியடியில நிண்டார். நான்தான் வாயை அடக்கேலாமல் கேட்டன். "அது உங்கட பிள்ளையோ?"

தட்டைத் துடைச்சுக்கொண்டே சொன்னார். மனுசி வெள்ளணவே செத்துப் போயிட்டா. ஒரே பொம்பிளைப் பிள்ளை. தமக்கையோட விட்டிட்டு, தான் முன்னுக்கு இஞ்ச வந்து பிள்ளையைக் கூப்பிடுவம் எண்டு வந்தவர். கடைசிச் சண்டை நேரம் ஒருக்கால் ஃபோன் வந்தது. பிள்ளை சிரிச்சுச் சிரிச்சுக் கதைச்சதாம். "அப்பா, ஷெல் விழ எல்லாரும் ஒண்டா ஓடினம். பங்கருக்குள்ளால வெளிய வந்து பாத்தால் செருப்பு மாறிப்போச்சு. ஒண்டு நீலம், ஒண்டு சிவப்பு. இதோடதான் நடக்கிறன்." இவரும் சிரிச்சுப்போட்டு, "இஞ்ச வா, உனக்குப் பத்துச் சோடி வாங்கித் தாறன்" எண்டவராம். லைன் அறுந்து போச்சு. அதுதான் கடைசி. தமக்கை செத்தது பிறகு தெரிய வந்தது. பிள்ளையைப் பற்றி ஒண்டும் வரேல்லை.

"சிரிச்சுப்போட்டு வைச்சிட்டன், அக்கா" எண்டார்.

அவர் தேடாத இடமில்லை. காணாமல் போன ஆக்களுக்கு எழுதிக் குடுக்கிற இடமெல்லாம் எழுதிக் குடுத்துப் பாத்தாச்சு. பிறகுதான் புத்தகத்துக்கு வந்தவர். "அந்தத் தண்ணிக்குள்ளால அவ்வளவு சனம் வந்தது. வந்தவை இப்ப எழுதத் தொடங்கிட்டினம். ஒருத்தர் எண்டாலும் என்ர பிள்ளைக்குப் பக்கத்தில நடந்திருப்பினம்தானே" எண்டார். நான் கையில இருந்த தட்டைத் திருப்பித் திருப்பிக் கழுவிக்கொண்டு நிண்டன்.

பிள்ளை, கிழங்கு மசிச்சது காணும், இந்தக் கறியை அதுக்குள்ள கொட்டிக் கிளறுங்கோ. உப்புப் பாருங்கோ. உங்கட ஆக்களுக்கு எங்கட உறைப்புத் தாங்காது, நீங்கள் பாத்துச் சரியெண்டால் எல்லாருக்கும் சரி.

ஒரு காலமை, நான் பல்லும் தீட்டேல்லை, ஆரோ கதவைத் தட்டுகினம். இவர். கையில ஒரு புத்தகம். ராவிராவா வாசிச்ச முகம். கனபேர் எழுதின கதையளைச் சேத்துப் போட்ட புத்தகம் அது. சிட்னியில இருக்கிற ஒரு இளம் பிள்ளை எழுதின பக்கத்தை விரலால பிடிச்சுக்கொண்டு, வாசல்ல நிண்டபடியே வாசிச்சார். புத்தகத் தமிழில இருந்தது. "எனக்கு முன்னால் ஒரு பெண்பிள்ளை நடந்துகொண்டிருந்தாள். அவள் கால்களில் ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. அந்த இரண்டு நிறங்களையும் பார்த்துக்கொண்டே நான் தண்ணீரைக் கடந்தேன்." எனக்கு இப்பவும் மனப்பாடம். அவ்வளவு தரம் வாசிச்சார்.

"நான் எண்டு எழுதியிருக்கிறா, அக்கா. நான் கடந்தேன் எண்டு. மெல்பேணுக்கு ஒரு நாளும் வராத பிள்ளையாம். என்ர கேள்வியைக் கேட்டிருக்க ஏலாது."

அவற்ர கையைப் பிடிச்சுக்கொண்டு அழுதன். சந்தோசத்தில. தேத்தண்ணி போட்டுக் குடுத்தன், சீனி போட மறந்து போனன். அவரும் தெரியாமல் குடிச்சார்.

மருமோனுக்குச் சிட்னியில ஒரு வேலை இருந்தது. எனக்கும் அங்க இருக்கிற தங்கச்சியைப் பாக்கவேணும். மூண்டு பேருமாக் காரில வெளிக்கிட்டம். வழி முழுக்க அவர் தன்ர கேள்வியைத் தனக்குள்ளயே சொல்லிப் பாத்துக்கொண்டு வந்தார். சொண்டு மட்டும் அசைஞ்சுது. சோதனைக்குப் போற பிள்ளை மாதிரி. அந்த எழுதின பிள்ளை சிட்னிக்கு வெளிப்பக்கம் கெல்லிவில்லில இருந்தது. பெரிய வீடு, துடைச்சு வைச்ச மாதிரி. மருமோன் எங்களை இறக்கிப்போட்டுத் தன்ர அலுவலுக்குப் போயிட்டார். "ஒரு வாசகர் உங்களைப் பாக்கோணுமாம்" எண்டு மட்டும் ஃபோனில சொல்லி வைச்சவர். வேற ஒண்டும் சொல்லேல்லை.

நல்ல பிள்ளை. அதை நான் சொல்லத்தான் வேணும். எங்களை இருத்தி, கோப்பி தந்து, கேக் வெட்டித் தந்தது. தன்ர கதையை வாசிச்சுப்போட்டு மெல்பேணிலயிருந்து வந்திருக்கினம் எண்டு அதுக்குக் கால் நிலத்தில நிக்கேல்லை. இவர் கோப்பியைத் தொடேல்லை. கேட்டார்.

"பிள்ளை, நீலம் எந்தக் கால்?"

அந்தப் பிள்ளை சிரிச்சுது. "இதை இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கேல்லை, அங்கிள். நான் அவ்வளவு யோசிக்கேல்லை. இடக்கால் நீலம், வலக்கால் சிவப்பு எண்டு வைப்பமே?"

"வைப்பமோ?" எண்டார் இவர். "நீர் அதைக் காணேல்லையோ?"

"ஐயோ இல்லை அங்கிள். நான் நாலு வயசில கொழும்பாலயே வந்திட்டன். சண்டையைக் கண்ணால காணேல்லை."

"நான் கடந்தேன் எண்டு போட்டிருக்குது."

"அது கதையில வாற நான். அது நானில்லை. அது ஒரு வொய்ஸ், அங்கிள், கதைசொல்லி."

எனக்கு ஒண்டும் விளங்கேல்லை, பிள்ளை. ஒரு நானை வைச்சுக்கொண்டே நாங்கள் இந்தப் பாடு படுறம், இவைக்கு ரெண்டு நான். இவர் கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்தார். பிறகு, "அப்ப அந்தச் செருப்பு?" எண்டு கேட்டார்.

"அது உண்மை" எண்டுது அந்தப் பிள்ளை. முன்னுக்குச் சரிஞ்சு, குரலையும் குறைச்சுக்கொண்டு சொல்லிச்சுது. "உங்கட மெல்பேணிலதான் ஒரு வயசுபோன ஐயா இருக்கிறாராம். எல்லாப் புத்தக வெளியீட்டுக்கும் வந்து, நீலச் செருப்பும் சிவப்புச் செருப்பும் போட்ட ஒரு பிள்ளையைக் கண்டனீங்களோ எண்டு கேப்பாராம். என்ர சிநேகிதி ஒராள் சொன்னவ. கேட்ட அண்டைக்கு எனக்கு நித்திரையே வரேல்லை, அங்கிள். அந்த ஐயாக்கு ஓம் எண்டு சொல்ல ஒருத்தர் வேணும் போல இருந்தது. அதான் கதையில ஒருத்தியைக் காண வைச்சன்."

நான் வாயைத் திறந்திட்டன். மேசைக்குக் கீழால அவற்ர கால் என்ர காலைத் தட்டிச்சுது. வாயை மூடிக்கொண்டன்.

"நீங்கள் அந்த ஐயாவைக் கண்டிருக்கிறீங்களோ, அங்கிள்?" எண்டு கேட்டுது அந்தப் பிள்ளை.

"கண்டிருக்கிறன்" எண்டார். "அமைதியான மனுசன்."

"இப்பவும் கேக்கிறவரோ?"

"கேக்கிறவர்."

கோப்பியை எடுத்து ஒரே மூச்சில குடிச்சார். ஆறிப்போன கோப்பி. பிறகு, நல்லா எழுதியிருக்கிறீர், கவனமா எழுதியிருக்கிறீர் எண்டெல்லாம் மெச்சினார். எழும்பேக்க மட்டும் ஒண்டு கேட்டார். "கதையில அந்தப் பிள்ளை தண்ணிக்குள்ள நடந்துகொண்டு நிக்கேக்க முடிச்சிட்டீர். அடுத்த பதிப்பு வந்தால், ஒரு ரெண்டு வரி கூடப் போட்டு, கரையில ஏத்தி விடேலுமோ?"

அந்தப் பிள்ளைக்கு அது பெரிய பாராட்டு. "அது வாசகர்ர கையில விட்டிருக்கிறன், அங்கிள். நீங்கள்தான் கரை சேக்கோணும்" எண்டுது.

"ஓம்" எண்டார். "ஓம், சரி."

திரும்பி வரேக்க நெடுஞ்சாலையில ஒரு பெற்றோல் செட்டில மருமோன் காரை நிப்பாட்டினார். நாங்கள் ரெண்டு பேரும் வெளிய ஒரு மர வாங்கில குந்தியிருந்தம். நான் கட்டிக்கொண்டு போன ரோல்ஸை நீட்டினன். வாங்கி வைச்சுக்கொண்டார், கடிக்கேல்லை. எனக்குக் கோவம். "ஏன் என்னைக் கதைக்க விடேல்லை? நான்தான் அந்த ஐயா எண்டு நீங்களாவது சொல்லியிருக்கலாம்தானே" எண்டன்.

"அந்தப் பிள்ளை பயந்திடும், அக்கா. பிறகு எழுதாமல் விட்டிடும். எல்லாரும் எழுதாமல் விட்டிட்டால், என்ர பிள்ளையை ஆர் காணுவினம்?"

லொறியள் போறதைப் பாத்தார். பிறகு சொன்னார். "என்ர பிழைதான். வாயை வைச்சுக்கொண்டு இருந்திருக்கோணும். இனி எந்தப் புத்தகத்தில அந்தச் செருப்பு வந்தாலும், அது என்ர வாயால போனதோ, அவளின்ர காலால வந்ததோ எண்டு எனக்குத் தெரியாது."

ஒருத்தருக்கும் அப்பிடி ஒரு களவு போகக்கூடாது, பிள்ளை. எடுத்தவை களவெண்டு நினைச்சு எடுக்கவுமில்லை. அன்பில எடுத்ததுதான்.

"ஆனால் அக்கா" எண்டார், "ஒண்டு மிச்சம் இருக்குது. ஒருத்தருக்கும் சொல்லாதது. அதைத்தான் அந்தப் பிள்ளையிட்ட எந்தக் கால் எண்டு கேட்டுப் பாத்தனான். உங்களுக்குச் சொல்லுறன். ஏனெண்டால் உங்களுக்கு எழுதத் தெரியாது."

என்ர படிப்பில்லாமையை மெச்சின ஒரே மனுசன். எனக்கு அந்த நேரத்திலயும் சிரிப்பு வந்திட்டுது. அவரும் சிரிச்சார். சிரிச்சுக்கொண்டுதான் சொன்னார். ஃபோனில பிள்ளை சொன்னதாம், "அப்பா, ரெண்டும் வலக்கால் செருப்பு. நடந்தால் ஒரு பக்கமே இழுக்குது. இப்பிடியே நடந்தன் எண்டால் வட்டமடிச்சு உங்களிட்டத்தான் வந்து நிப்பன்."

அதுக்குப் பிறகுதான் ரோல்ஸைக் கடிச்சார்.

அண்டையில இருந்து கூட்டத்தில அவர் கேள்வி கேக்கிறதை விட்டிட்டார். வருவார், முன் வரிசையில இருப்பார், புத்தகம் வாங்குவார். கேள்வி நேரம் வந்தால் எல்லாரும் அவரைத்தான் பாப்பினம். "ஐயா, செருப்பு?" எண்டு ஒருத்தர் பகிடியாக் கேட்டும் பாத்தார். தலையை ஆட்டிப்போட்டு இருந்திட்டார். ஆனால் அவர் வாயை மூட, செருப்பு வாயைத் திறந்திட்டுது. சிட்னிப் பிள்ளையின்ர கதையை வாசிச்ச ஒரு பொடியன் அதை வைச்சுக் குறும்படம் எடுத்தான். ஆரோ ஒராள் கவிதை எழுதினார். இஞ்ச கிளென் வேவர்லியில சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில பிள்ளையள் நாடகம் போட்டுதுகள். ஒரு சின்னப் பெட்டைப்பிள்ளை ஒரு காலுக்கு நீலமும் ஒரு காலுக்குச் சிவப்புமா, வடிவா இடமும் வலமும் பொருந்தின புதுச் செருப்பு போட்டுக்கொண்டு மேடையில நேரா நடந்து போச்சுது. தாய் முன்னுக்கிருந்து ஃபோனில படம் பிடிச்சா. எல்லாரும் கை தட்டி ஓய்ஞ்ச பிறகும் இவர் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பாத்து, மெல்லமா, "நேராத்தான் நடக்குது" எண்டார். எனக்குத்தான் அது கேட்டுது.

போன மாரிக்கு முதல் மாரி, நெஞ்சு நோகுது எண்டு தானே டாக்சி பிடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போனவர், திரும்பி வரேல்லை. இலக்கிய வட்டம்தான் எல்லாம் செய்தது. ஒரு நிமிசம் அகவணக்கம் எண்டு குனிஞ்சு நிண்டம். மருமோன் அதே பேச்சைத்தான் பேசினார், ஆழமான வாசகர் எண்டு. பிஸ்கட் ஃபக்டரியால ரெண்டு வெள்ளைக்காரரும் ஒரு ஆப்கான் பொடியனும் வந்து பின்னுக்கு நிண்டாங்கள். நான் அவங்களைத்தான் பாத்துக்கொண்டு நிண்டன். அவரும் அப்பிடித்தான் பாத்திருப்பார்.

இண்டைக்கு வெளியிடுறது அந்தச் சிட்னிப் பிள்ளையின்ர புத்தகம். தனிப் புத்தகம். அந்தக் கதைதான் முதல் கதையாம். மருமோனைக் கேட்டன், "அந்தப் பிள்ளையைக் கரையில ஏத்திப்போட்டாவோ?" எண்டு. "மாமி, அது வாசகர்ர கையில" எண்டார். சரி. எழுதின பிள்ளை இண்டைக்கு வரும், என்னை அடையாளம் பிடிச்சு வந்து கதைக்கும். அந்த அங்கிள் சுகமோ எண்டும் கேக்கும். போயிட்டார் எண்டு சொல்லுவன். அவர்தான் அந்த ஐயா எண்டு சொல்லமாட்டன். காலால தட்டினவர்.

இப்ப அந்தக் கார்ட்டை எடுங்கோ, பிள்ளை. கை கழுவிப்போட்டு எடுங்கோ. அந்தச் செருப்பை வடிவாப் பாருங்கோ. நீலத்துக்கு வளைவு இந்தப் பக்கம், சிவப்புக்கு அந்தப் பக்கம். தெரியுதே? ஒண்டு இடக்கால், ஒண்டு வலக்கால். படம் கீறின பொடியன் சோடியாத்தான் கீறியிருக்கிறான். மருமோன் போன கிழமை இதைக் கொண்டந்து என்னட்டக் காட்டேக்க, ரெண்டு வளைவையும் விரலால தடவிப் பாத்தன். நல்லதெண்டு நினைச்சன். பிழையாவே கிடக்கட்டும். எல்லாப் புத்தகத்திலயும் பிழையாவே கிடக்கட்டும்.

இதை ஏன் உங்களிட்டச் சொல்லுறன் தெரியுமே. எனக்குச் சீனி, பிரசர், எல்லாம் இருக்குது. அந்த ஒரு விசயம் என்னட்ட இருக்குது, ஆனால் எனக்கு வாசிக்கத் தெரியாது. நாளைக்கு எங்கயாவது, ஆராவது, உண்மையாத் தண்ணிக்குள்ளால வந்த ஆராவது, அதை அப்பிடியே எழுதினால், அந்தப் புத்தகம் என்ர ரோல்ஸ் தட்டுக்குக் கீழ கிடந்தாலும் எனக்குத் தெரியவராது. மருமோனுக்குச் சொல்லேலாது. நல்ல மனுசன், ஆனால் எழுதிற ஆள், அடுத்த மாசமே வந்திடும். பேத்தியைக் கேட்டால் "அம்மம்மா, ஐ கான்ட் ரீட் டமிழ்" எண்டுவாள். நீங்கள்தான் ரெயினில ஃபோனைப் பாக்காமல் தமிழ்ப் புத்தகம் வைச்சு வாசிச்சுக்கொண்டு போறீங்கள், நான் கண்டனான். எழுதிறதில்லைத்தானே? கேட்டு வைக்கிறன், குறை நினையாதேங்கோ.

ஒருத்தரிட்டயும் சொல்லாதேங்கோ. வாசிக்கேக்க மட்டும், பின்னுக்கு வாற ஆக்களைக் கொஞ்சம் பாத்துக்கொள்ளுங்கோ. ரெண்டும் வலக்கால் எண்டு எங்கயாவது கண்டால் ஓடிவந்து என்ர கதவைத் தட்டுங்கோ, என்ன நேரமெண்டாலும் பரவாயில்லை. நான் இல்லாட்டி...

இருங்கோ, இருங்கோ, எண்ணெய் புகைக்குது. அடுப்பைக் குறையுங்கோ, பிள்ளை. அந்தக் கண்ணகப்பையை இஞ்சால தாருங்கோ.